டெங்கு எதிர்ப்பை அளந்த கதை

மலர்க்குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். மெஸ் சாம்பார், கட் அடித்துப் பார்த்த சினிமா, அரியர் பேப்பர் ஆகிய மூன்றையும் மற்றவர்கள் கவனித்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில் நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். நான் கருவியியல் படித்தவன். இன்றைக்கும் பிழைப்பு அதுதான். குழாயில் ஓடும் திரவத்தை அளக்கிற மானிகள் ஒழுங்காகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுக்கிற வேலை. அதனால் அளவுகள் மேல் ஒரு பிரியமும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒரு சந்தேகமும் உண்டு.

அப்படிப்பட்டவன் கொசுக்காய்ச்சலைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. மனித ரத்தத்தில் டெங்குவுக்கு எதிரான பாதுகாப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக முயன்று வருகிறார்கள். அந்த வரலாற்றில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, ஒரு பெரிய சறுக்கலும் இருக்கிறது. அளவீடு என்றால் என்ன என்பதை எனக்கு அது திரும்பச் சொல்லிக்கொடுத்தது. பயோடெக் துறை நண்பர்கள் நான் எல்லை தாண்டி வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தடவை வந்தால் போதுமா?

2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியது என் செட் ஆட்களுக்கு நினைவிருக்கும். விடுதியில் காலையில் காபிக்கு முன்னால் நிலவேம்புக் கஷாயம். காய்ச்சலில் படுத்து எழுந்து வந்த நண்பன் ஒருவன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, "எனக்கு ஒரு தடவை வந்துடுச்சுடா மச்சான், இனிமே எந்தக் கொசு கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றான். தட்டம்மைக்கு அவன் சொன்னது சரி. டெங்குவுக்குப் பாதிதான் சரி.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் இருக்கின்றன. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் எதிராகக் கிடைப்பது சில மாதங்களுக்கான தற்காலிகப் பாதுகாப்புதான். அதன் பிறகு வேறு வகை வந்தால் முதல் தடவையைவிட மோசமாகவும் போகலாம்.

பாதுகாப்பில் பெரிய பங்கு வகிப்பவை ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள். வைரஸின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் அவை. ஆனால் ஒட்டுவது வேறு, தடுப்பது வேறு. பூட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினாலும் சாவி நுழையும். சாவித் துவாரத்தை மெழுகால் அடைத்தால் நுழையாது. ஆகவே கேள்விகள் மூன்று. எதிர்ப்பொருள் இருக்கிறதா? அது வைரஸைத் தடுக்கிறதா? அந்தத் தடுப்பு ஆளைக் காப்பாற்றுகிறதா? முதல் கேள்விக்கான பதிலை மூன்றாவது கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உலகம் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கதை.

எலிக்குஞ்சுகளும் வாத்து ரத்தமும்

1943-ல் ஜப்பானின் நாகசாகியில் டெங்கு பரவியபோது ரென் கிமுரா, சுசுமு ஹோட்டா என்ற இருவர் நோயாளிகளின் ரத்தத்தை எலிக்குஞ்சுகளின் மூளையில் செலுத்தி வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். போரின் எதிர்ப்பக்கத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக ஆல்பர்ட் சேபின் அதே வேலையில் இருந்தார். பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்து தந்தாரே, அவரேதான். ஹவாய், நியூ கினியா, இந்தியா ஆகிய இடங்களில் காய்ச்சலில் படுத்த படைவீரர்களின் ரத்தத்திலிருந்து அவர் வைரஸைச் சேகரித்தார். தன்னார்வலர்களுக்கு அதைச் செலுத்திப் பார்த்து, அவை ஒரே வகை அல்ல, இரண்டு என்று கண்டார். ஒரே வகை மறுபடி செலுத்தப்பட்டவர்களுக்குப் பதினெட்டு மாதம் கழித்தும் காய்ச்சல் வரவில்லை. வேறு வகை செலுத்தப்பட்டவர்களுக்கோ ஓரிரண்டு மாதம்வரைதான் முழுப் பாதுகாப்பு. மூன்றாம், நான்காம் வகைகள் 1956-ல் மணிலாவில் பரவிய நோயிலிருந்து வில்லியம் ஹாம்மன் குழுவினருக்குக் கிடைத்தன.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சேபின் அளந்தது மூன்றாவது கேள்வியை, அதாவது ஆளே காப்பாற்றப்பட்டாரா என்பதை. ஆனால் ஊருக்கெல்லாம் வைரஸைச் செலுத்தி அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மாற்று அளவீடு தேவைப்பட்டது.

முதலில் வந்தது எலிச் சோதனை. ஆளின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரை, வைரஸோடு கலந்து எலிகளின் மூளையில் செலுத்துவார்கள். எத்தனை செத்தன, எத்தனை பிழைத்தன என்று எண்ணுவார்கள். பாதி எலிகள் சாகும் அளவைக் கணக்கிட, ரீட், மியுன்ச் என்ற இருவர் 1938-ல் தந்த எளிய கணக்கு முறை இருந்தது. ஆனால் ஒரு ஊரின் ரத்த மாதிரிகளைச் சோதிக்க எலிப் பண்ணையே வேண்டும். பதில் வர வாரக்கணக்கில் ஆகும்.

1958-ல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆய்வகத்தைச் சேர்ந்த டெல்ஃபின் கிளார்க், ஜோர்டி கசால்ஸ் இருவரும் ஒரு முறையைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார்கள். பெரிய வாத்தின் சிவப்பணுக்களை, அமிலத்தன்மை சரியாக அமைந்த கரைசலில், டெங்கு வைரஸ் ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். குழியில் அது பாய் விரித்த மாதிரி படியும். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டாது. சிவப்பணுக்கள் கீழே உருண்டு சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு புள்ளியாக உட்காரும். பாயா, பொத்தானா? வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். மலிவு, வேகம். ஆசியா முழுக்க இந்த முறைதான் ஓடியது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. டெங்குவின் உறவுக்கார வைரஸ்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை 'ஆமாம்' போட்டது. நம் ஊர்ப் பக்கமே இதற்கு உதாரணம் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது 1955-ல், வேலூர் வட்டாரத்தில். அதே வேலூரில் 1968-ல் டெங்கு பரவியபோது கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மனிதர்களிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் வைரஸைப் பிரித்தார்கள். டெங்குவின் நான்கு வகைகளும் அங்கே கிடைத்தன! நான்கு டெங்கு, கூடவே ஒரு மூளைக்காய்ச்சல். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் ரத்தத்தில் 'பொத்தான்' விழுந்தால் அது எந்த வைரஸின் ஞாபகம் என்று எப்படிச் சொல்வது? முதல் கேள்விக்கான பதில்கூட முழுசாகக் கிடைக்கவில்லை.

தோசையில் எண்ணிய ஓட்டைகள்

இரண்டாவது கேள்விக்கு நேர் வழி திறந்தவர் ரெனாட்டோ டல்பெக்கோ. கண்ணாடித் தட்டில் விலங்குச் செல்களை ஒரே அடுக்காக வளர்த்து, அதன் மேல் கொஞ்சம் வைரஸை விட்டு, மேலே அகர் கூழை ஊற்றினார். கூழ் இருப்பதால் வைரஸ் நீந்தி ஓட முடியாது, பக்கத்துச் செல்லுக்குத்தான் தாவ முடியும். ஒரு வைரஸ் விழுந்த இடத்தில் சில நாளில் செத்த செல்களின் வட்டம் ஒன்று உண்டாகும். சாயம் ஏற்றிப் பார்த்தால் கல்தோசையில் கண் விழுந்த மாதிரி ஓட்டைகள் தெரியும். ஓர் ஓட்டை என்றால் தொடக்கத்தில் ஒரு வைரஸ். இதை அவர் வெளியிட்டது 1952-ல். வைரஸை எண்ண முடிந்துவிட்டது!

இதை டெங்கு எதிர்ப்பொருளுக்குப் பொருத்தியவர்கள் பாங்காக்கில் இருந்த சீட்டோ மருத்துவ ஆய்வகத்துக்காரர்கள். ஃபிலிப் ரஸ்ஸல் என்ற அமெரிக்கரும் ஆனந்தா நிசாலக் என்ற தாய்லாந்துப் பெண்மணியும் சக ஆய்வாளர்களும் 1967-ல் வெளியிட்ட முறையே, சின்னச் சின்ன மாற்றங்களோடு, இன்றைக்கும் உலகத்தின் உரைகல். நம்மவர்களுக்காகச் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குங்கள். ரத்தத்தில் இயல்பாக உள்ள வேறு தடுப்புப் புரதங்கள் இதில் செயலிழக்கும். பிறகு பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, நாற்பதில் ஒன்று என்று நீர்க்கச் செய்துகொண்டே போங்கள். ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை தெரிந்த வைரஸைச் சேர்த்து, உடல் வெப்பத்தில் சுமார் ஒரு மணி நேரம் வையுங்கள். குரங்குச் சிறுநீரகச் செல் தட்டில் ஊற்றிக் கூழால் மூடுங்கள். ஒரு வாரம் போல் காத்திருந்து ஓட்டைகளை எண்ணுங்கள். சீரம் சேர்க்காத தட்டில் ஐம்பது ஓட்டை. நூற்றறுபதில் ஒன்றாக நீர்த்த சீரத்தில் இருபத்தைந்து. அப்படியானால் அந்த ஆளின் எண், அதாவது டைட்டர், 160. இதையே நான்கு வகைக்கும் நான்கு தடவை செய்ய வேண்டும்.

இயந்திரம் எதுவும் இல்லை. கண், கை, பொறுமை. ஆனந்தா நிசாலக் அந்த ஆய்வகத்தில் பல பத்தாண்டுகள் இதே துறையில் இருந்தார். நம் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு ரீடிங் எடுத்துவிட்டு மற்றதைப் 'பக்கத்து பெஞ்ச்' முறையில் நிரப்பிய மகான்கள் (பெயர் சொல்ல மாட்டேன்!) இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

நண்பனே பகைவனாகும்போது

அதே பாங்காக்கில் அதே காலத்தில் ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் ஒரு புதிரோடு மல்லாடிக்கொண்டிருந்தார். ரத்தக்கசிவும் அதிர்ச்சியுமாகக் குழந்தைகள் செத்தார்கள். அப்படித் தீவிரமானவர்கள் பெரும்பாலும் இரண்டாம் தடவை டெங்கு கண்டவர்கள். இன்னொரு கூட்டமும் இருந்தது: முதல் தடவையே கண்ட ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைகள். இரண்டு கூட்டத்துக்கும் பொதுவானது என்ன? ரத்தத்தில் முன்கூட்டியே எதிர்ப்பொருள் இருந்தது. கைக்குழந்தைகளுக்கு அது தாயிடமிருந்து வந்தது.

போதாத அளவு எதிர்ப்பொருள், வைரஸைத் தடுக்காமல் அதற்கு வண்டி பிடித்துக் கொடுக்கிறது என்று விளக்கம் பிறந்தது. எதிர்ப்பொருள் ஒட்டியதை விழுங்குவதற்கென்றே நம் உடலில் சில வெள்ளணுக்கள் இருக்கின்றன. அவை வைரஸையும் சேர்த்து விழுங்குகின்றன. வைரஸ் உள்ளே போய்ப் பெருகுகிறது. 1977-ல் ஹால்ஸ்டெட் இதைக் கண்ணாடிக் குடுவையில் செய்தே காட்டினார். அதே 1977-ல் கியூபாவில் முதல் வகை டெங்கு பரவியது. 1981-ல் இரண்டாம் வகை வந்தது. 3,44,203 நோயாளிகள், 158 சாவுகள், அதில் 101 பேர் குழந்தைகள். ஒன்றுக்குப் பின் இன்னொன்று வந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு தீவே பார்த்தது.

1988-ல் பாங்காக்கிலிருந்து வந்த ஓர் ஆய்வு (நிசாலக் அதிலும் ஒருவர்) எனக்கு மிகவும் பிடித்தது. டெங்கு தீவிரமான கைக்குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஓட்டை எண்ணும் சோதனை செய்தார்கள். தாயின் டைட்டர் எவ்வளவு அதிகமோ, குழந்தை நோயில் விழுந்த வயதும் அவ்வளவு தள்ளிப் போயிருந்தது. தாய் தந்த எதிர்ப்பொருள் நிறைய இருந்தவரை காத்தது. கரைந்து கரைந்து ஒரு அளவுக்குக் கீழே வந்தபோது காலை வாரியது.

கருவியியல்காரனுக்கு இது பயங்கரமான செய்தி. 'எண் கூடக் கூட நல்லது' என்ற நேர்கோடு இங்கே கிடையாது. பூஜ்யம் ஒரு மாதிரி, நடுவில் ஒரு குழி, மேலே பாதுகாப்பு. போதாக்குறைக்கு, சோதனையில் பயன்படும் குரங்குச் செல்கள் எதிர்ப்பொருளைப் பிடித்து விழுங்கும் ரகமே அல்ல. தடுப்பது மட்டும்தான் தட்டில் தெரியும். வண்டி பிடித்துக் கொடுப்பது தெரியாது.

எண் நன்றாக இருந்தது, ஆனால்...

எங்கள் பேராசிரியர் ஒருவர் ஆரிஃபிஸ் பிளேட் சோதனையின்போது தவறாமல் கேட்பார்: "தம்பி, மீட்டர் காட்டுறது என்ன? உனக்குத் தெரிய வேண்டியது என்ன? ரெண்டும் ஒண்ணா?" மீட்டர் காட்டுவது அழுத்த வேறுபாடு. நமக்கு வேண்டியது ஓட்டம். நடுவில் ஒரு சமன்பாடு பாலமாக நிற்கிறது. பாலத்தின் நிபந்தனைகள் மாறினால் எண் அழகாக வரும், உண்மை வராது.

2012-ல் தாய்லாந்தின் ராட்சபுரி மாவட்டத்தில் 4,002 குழந்தைகளிடம் நடந்த தடுப்பூசிச் சோதனையின் முடிவு வெளிவந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸின் உடம்பில் டெங்குவின் மேலுறையைப் பொருத்திச் செய்த சனோஃபி நிறுவனத் தடுப்பூசி அது. ஊசி போட்டவர்கள் ரத்தத்தில் நான்கு வகைக்கும் எதிரான டைட்டர் நன்றாகவே எழுந்தது. ஆனால் நோயைத் தடுத்தது மொத்தத்தில் 30.2 சதவீதம். இரண்டாம் வகைக்கு எதிராக ஏறக்குறைய ஒன்றுமில்லை. தட்டில் ஓட்டைகள் குறைந்தன, ஊரில் காய்ச்சல் குறையவில்லை.

பிறகு நடந்த பெரிய சோதனைகளில் பலன் இதைவிடக் கூடுதலாகத் தெரிந்ததால் தடுப்பூசி 2015 இறுதியில் அனுமதி பெற்றது. 2016-ல் பிலிப்பைன்ஸ் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டுக்கொண்டார்கள். 2017 நவம்பரில் நிறுவனமே அறிவித்தது: முன்பு டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசி போட்டால், பிற்பாடு வரும் டெங்கு தீவிரமாகும் அபாயம் கூடுகிறது. அதாவது ஊசியே 'முதல் டெங்கு' வேலையைச் செய்துவிட்டது. திட்டம் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்பிய பிலிப்பைன்ஸ் மக்கள் 2015-ல் 93 சதவீதம். 2018-ல் 32 சதவீதம். போனது டெங்கு ஊசியின் மேல் இருந்த நம்பிக்கை மட்டுமல்ல. எல்லா ஊசியின் மேலும் இருந்ததும் சேர்ந்துதான் போனது.

இந்த அபாயம் ஏன் தாமதமாகத் தெரிந்தது? பெரிய சோதனைகளில் ஊசிக்கு முந்தைய ரத்தம் ஒரு சிறு பகுதியினரிடம்தான் எடுக்கப்பட்டிருந்தது. நம் பாஷையில், ஜீரோ ரீடிங் எடுக்கவில்லை. ஊசி போட்ட பிறகோ எல்லோர் ரத்தத்திலும் டெங்கு எதிர்ப்பொருள் இருக்கும், யாருக்கு முன்பே வந்தது என்று பிரிக்க முடியாது. கடைசியில் ஒரு சாமர்த்தியம் கை கொடுத்தது. தடுப்பூசியின் உள்ளுடம்பு மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அல்லவா? ஆகவே என்.எஸ்.1 என்ற டெங்கு புரதம் அதில் கிடையாது. அந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் ஒருவரிடம் இருந்தால் அது பெரும்பாலும் நிஜ டெங்கு தந்ததாகத்தான் இருக்கும். பதின்மூன்றாம் மாதத்தில் எடுத்துச் சேமித்திருந்த ரத்தத்தில் இதைத் தேடி, 2018-ல் கணக்கை வெளியிட்டார்கள். சரியான கேள்வியைக் கேட்ட ஒரு சோதனை, உண்மையைப் பிரித்துக் காட்டியது.

எண் ஏன் ஏமாற்றியது என்பதும் மெல்ல மெல்லத் தெரிய வந்தது. ஒரு வகைக்கே உரிய எதிர்ப்பொருளையும் நான்குக்கும் பொதுவாக ஒட்டும் எதிர்ப்பொருளையும் பிளேக் சோதனை ஒரே கூட்டுத்தொகையாகத்தான் காட்டும். பொதுவானவற்றை வடிகட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சோதித்தபோது, முன்பு டெங்கு வராத குழந்தைகளிடம் அந்தத் தடுப்பூசி உண்டாக்கிய வகைக்கே உரிய எதிர்ப்பொருள் பெரும்பாலும் நான்காம் வகைக்கானது என்று தெரிந்தது. இன்னொன்று: ஆய்வகத்தில் வளர்த்த வைரஸும் நோயாளியின் ரத்தத்தில் ஓடும் வைரஸும் முதிர்ச்சியில் ஒன்றல்ல. நோயாளி ரத்தத்தில் உள்ள முதலாம் வகை வைரஸ் எதிர்ப்பொருளுக்கு எளிதில் மடங்குவதில்லை என்று 2019-ல் காட்டினார்கள். நல்ல சாலையில் ஓட்டிப் பார்த்துச் சான்று வாங்கிய வண்டியை மலைப்பாதையில் விட்ட கதை.

இன்றைய நிலை

அதற்காகச் சோதனையே வீண் என்று யாரும் சொல்லவில்லை. நிகராகுவா நாட்டின் மனாகுவா நகரில் 2004 முதல் ஆண்டுதோறும் குழந்தைகளின் ரத்தத்தை எடுத்து வைத்து, யாருக்கு நோய் வருகிறது என்று காத்திருந்து பார்க்கிறார்கள். நோய்க்கு முன் டைட்டர் உயர்ந்திருந்தவர்களுக்குக் காய்ச்சல் குறைவாக வந்தது என்று 2016-ல் அங்கிருந்து ஒரு முடிவு வந்தது. அடுத்த ஆண்டு வந்த முடிவு ஹால்ஸ்டெட்டின் குழியை நிஜ மனிதர்களிடம் காட்டியது. எதிர்ப்பொருள்களை மொத்தமாக அளக்கும் எலிசா முறை ஒன்றில் டைட்டர் 21-க்கும் 80-க்கும் இடையில் இருந்த குழந்தைகளுக்குத்தான் தீவிர டெங்கு அபாயம் மிக அதிகம். அதைவிட உயர்ந்தவர்களுக்கோ பாதுகாப்பு.

அடுத்து வந்த டகேடா நிறுவனத் தடுப்பூசியை 2016-லிருந்து இலங்கை உட்பட எட்டு நாடுகளில் 20,099 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். இந்தத் தடவை ஊசிக்கு முன் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஜீரோ ரீடிங்! அதனால்தான், முன்பு டெங்கு வராத பிள்ளைகளிடம் மூன்றாம் வகைக்கு எதிராகப் பலன் தெரியவில்லை என்பதை அவர்களால் நேரடியாகச் சொல்ல முடிந்தது. அந்த வகைக்கும் எதிர்ப்பொருள் உண்டாகியிருந்தது என்பதையும் கவனியுங்கள். இந்தியாவில் ஒரே தவணைத் தடுப்பூசி ஒன்றுக்கான மூன்றாம் கட்டச் சோதனை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் திட்டமிட்டு, 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

'இந்த எண் இருந்தால் பயமில்லை' என்று உலகம் ஒப்புக்கொண்ட ஒரு டைட்டர் இன்னும் கிடையாது. ஆகவே ஆய்வக ரிப்போர்ட்டில் 'டெங்கு ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்' என்று வந்தால், முன்பு எப்போதோ டெங்குவோ அதன் உறவுக்காரனோ வந்து போயிருக்கலாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொசுவலையைக் கழற்றிவிட வேண்டாம், மொட்டை மாடித் தொட்டியை மூடாமல் விடவும் வேண்டாம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எந்தத் துறையாக இருந்தாலும் நாளைக்கு உங்கள் மேசைக்கு எண்கள் வரும். டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும். அது எதை அளந்தது, தொடக்க அளவு எடுத்தார்களா, அளக்காமல் விட்ட பக்கத்தில் என்ன இருக்கலாம் என்று கேளுங்கள். கேட்பவனைக் கூட்டத்தில் கொஞ்சம் எரிச்சலோடுதான் பார்ப்பார்கள், பரவாயில்லை. டெங்குவுக்கு அந்தச் சரியான எண் இன்னும் யாருக்கோ காத்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் கூட்டத்தில் நம் கல்லூரிப் பிள்ளை ஒருவராவது இருந்தால், அடுத்த மலருக்குக் கட்டுரை எழுத வேண்டியது நானல்ல, நீங்கள்.